தம்பானூர் யட்சி அறையைக் காலி செய்த விதம்

1. பஸ்

தொண்ணூறுகளின் பின்பாதியில், திருவனந்தபுரத்திலிருந்து வந்துகொண்டிருந்த ஒரு தமிழ் வார இதழில் தொடர்கதை எழுதினேன். நாயகி ஒரு யட்சி. அவள் குடியிருந்த பனையை வெட்டி ஃபிளாட் கட்டிவிட்டதால், தம்பானூரில் ஒரு லாட்ஜின் மூன்றாம் மாடியில் அறை எடுத்துத் தங்குகிறாள். முதல் வாரமே ஒருவனுடைய ரத்தத்தைக் குடித்துவிட்டு, தம்பானூரிலேயே விழிஞ்ஞம் பஸ் ஏறினாள்.

ரத்தத்தைப் பற்றி ஒருவரும் மூச்சுவிடவில்லை. "விழிஞ்ஞம் பஸ் கிழக்கேகோட்டையிலிருந்து அல்லவா புறப்படும்?" என்று கடிதங்கள் குவிந்தன.

எடிட்டர் மணி சார் கடிதக் கட்டை என் மேஜையில் போட்டார். "யட்சி பறந்துபோனா யாரும் கேக்க மாட்டா. பஸ்ல போனா ரூட் சரியா இருக்கணும், கேட்டோ?"

2. மேனேஜர்

லாட்ஜின் பெயரை நான் எழுதவில்லை. ஆனால் பச்சைச் சுவரையும் கீழே இருந்த பேக்கரியையும் எழுதியிருந்தேன். அது போதாதா? ஒருநாள் அதன் மேனேஜர் சுடலைமுத்து நேரே ஆபீசுக்கு வந்துவிட்டார். திருநெல்வேலிக்காரர்.

"மேடம், மூணாம் மாடியில ரூம் குடுத்தா, வந்தவன் பொட்டியோட கீழ எறங்கி ஓடுதான். ரூம் நிறையலேன்னா என்னைய ஊருக்குப் போகச் சொல்லுதாரு மொதலாளி. அந்தப் பொம்பளைய நீங்கதான் காலி பண்ணணும்."

'அந்தப் பொம்பள' என்றதும் எனக்கு உள்ளூரப் பெருமை. ஆனால் அவர் முகத்தைப் பார்க்கப் பாவமாக இருந்தது.

"ஒரு மந்திரவாதியைக் கொண்டுவந்து ஆணி அடிச்சுடு" என்றார் மணி சார்.

"போன மாசம்தான் மூணு மந்திரவாதியைத் தின்னிருக்கா சார். நாலாவது ஆள் மட்டும் எப்படி ஜெயிப்பான்?"

3. குழாய்

அவள் காலி செய்ய ஒரு காரணம் தேடி அந்த அறைக்கே போனேன். சுடலைமுத்து கதவைத் திறந்துவிட்டார். நல்ல அறைதான். குளியலறைக் குழாயைத் திருகினேன். புஸ்ஸென்று காற்று வந்தது.

"காலையில கொஞ்சம் வரும் மேடம். பெறவு பக்கெட்டுல கொண்டாந்து வைப்போம்."

அந்த வாரம், முழங்கால்வரை தொங்கும் கூந்தலில் யட்சி ஷாம்பூ போட்டிருக்கும்போது தண்ணீர் நின்றது. நுரையோடு கவுண்டருக்கு இறங்கி வந்து ஒரு சண்டை போட்டாள். சாவியை வீசிவிட்டு மலையடிவாரத்துக் கல்லாற்றுக்குப் போய்விட்டாள். வாசகர்கள் உருகிப்போனார்கள். "பாவம், எங்கள் வீட்டிலும் இதே கதிதான்" என்று எழுதினார்கள்.

மறுபடி சுடலைமுத்து வந்தார். நன்றி சொல்வார் என்று நினைத்தேன்.

"பேய்க்குப் பயப்படாதவன்கூட இருந்தான் மேடம். தண்ணி வராதுன்னு தெரிஞ்சா எவன் வருவான்? இப்ப ரெண்டாம் மாடியும் காலி!"

வேறு வழியில்லாமல் முதலாளி புது மோட்டார் வைத்தார். சுடலைமுத்துவின் வேலையும் தப்பியது. அதன்பிறகு அவரிடமிருந்து ஒரு போன்: "இப்ப தண்ணி கொட்டுது மேடம். அந்தம்மாவ ஒரு தடவ வந்து குளிச்சிட்டுப் போகச் சொல்லுங்க."

மோட்டார் சத்தத்தை நேரில் போய்க் கேட்ட பிறகே அவளைக் குளிக்க அனுப்பினேன். புதிதாகப் பேய்க்கதை எழுத வருகிறவர்களுக்கும் அதையேதான் சொல்கிறேன்: பேயை எப்படி வேண்டுமானாலும் எழுதுங்கள், ஆனால் அது தங்கப்போகும் அறையை முதலில் ஒருமுறை போய்ப் பார்த்துவிடுங்கள்.