பதினான்கு நாள் கமா

என் சித்தப்பாவுக்கு உட்கார்ந்துகொண்டு பேச வராது. முப்பத்தொரு வருடம் பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். இன்றும் ஏதாவது சொல்ல வேண்டுமென்றால் எழுந்துபோய் ஜன்னல் கம்பியை ஒரு கையால் பிடித்துக்கொள்வார். கால்களைச் சற்று அகட்டிக்கொள்வார். வீடு எந்த நேரமும் சடக்கென்று பிரேக் போட்டுவிடும் என்பதுபோல நிற்பார். வாசலில் யாராவது தயங்கினால், "உள்ள போங்க, உள்ள போங்க, நடுவுல இடமிருக்கு" என்பார். எங்கள் கூடத்தின் நடுவில் என்றைக்குமே இடம் இருந்ததில்லை. அங்கே சித்தியின் மேஜை இருக்கிறது.

சித்தி, என் அம்மாவின் தங்கை, ஓர் அச்சகத்துக்குப் புரூஃப் பார்க்கிறவள். அச்சாகப் போகும் தாள்கள் கட்டுக்கட்டாக வீட்டுக்கு வரும். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பிழை தேடுவாள். பழைய முறையில்தான் அவளுக்கு நம்பிக்கை. ஒருவர் எழுத்தாளரின் பிரதியைச் சத்தமாக வாசிக்க வேண்டும், மற்றவர் அச்சுத் தாளில் விரலை ஓட்டிச் சரிபார்க்க வேண்டும். சொற்களை மட்டும் வாசித்தால் போதாது, குறிகளையும் சேர்த்து வாசிக்க வேண்டும். அந்த வேலை சித்தப்பாவுடையது. "அவள் கதவைத் திறந்தாள் கமா மழையைப் பார்த்தாள் கமா மறுபடி மூடினாள் முற்றுப்புள்ளி" என்று நிறுத்தங்களைக் கூவும் அதே குரலில் வாசிப்பார். ஒரு கட்டு முடிந்ததும், கடைசி நிறுத்தம் வந்துவிட்டது, எல்லாரும் இறங்கலாம் என்கிற தோரணையில் "முற்றும்" என்று நீட்டி முழங்குவார். கீழ் வீட்டுப் பல் டாக்டர் அந்தச் சத்தத்தைக் கேட்டுத்தான் மாலை ஆறு மணி என்று தெரிந்துகொள்கிறாராம்.

சிவப்புப் பேனாவை மட்டும் சித்தி யாரையும் தொட விடமாட்டாள். அவள் போடும் குறிகளில் சித்தப்பாவுக்குப் பிடித்தது ஒன்றுண்டு. அவசரத்தில் ஒரு நல்ல சொல்லை அடித்துவிட்டால், அதன் அடியில் வரிசையாகப் புள்ளி வைத்து ஓரத்தில் 'இருக்கட்டும்' என்று எழுதுவாள். அடித்தது அடிக்காததாகிவிடும். "நான் கிழிச்ச டிக்கெட்ட ஒட்டினதே கிடையாது. உன் தொழில்ல ஒட்டலாம்போல" என்று சித்தப்பா ஆச்சரியப்படுவார்.

அவர்கள் வீட்டுப் பின்னறையில் தங்கி வேலைக்குப் போய்வருகிறவன் நான். அவர்களுடைய ஒரே மகள் வேலை கிடைத்து வெளியூர் போன பிறகு அறை காலியாக இருந்தது, நான் வந்து ஒட்டிக்கொண்டேன். ஒரு நாளைக்கு எட்டு முறை நகரத்தைக் குறுக்கே கடந்த மனிதர், ஓய்வுக்குப் பிறகு மாடிப்படி இறங்கவே காரணம் தேடுவதை நானும் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். பேப்பர் மேலே வந்துவிடுகிறது, பாலும் வந்துவிடுகிறது. பிறகு எதற்கு இறங்குவது?

இப்படியிருக்கும்போதுதான் கைவிடப்பட்ட நாய்களுக்கான காப்பகத்தின் துண்டறிக்கை ஒன்று திருத்தத்துக்கு வந்தது. அதில் பதினொரு பிழைகள் இருந்தன. பதினொன்றையும் திருத்திவிட்டுப் பன்னிரண்டாவதை வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டாள் என்று சித்தப்பா இன்றும் சொல்வார்.

துண்டறிக்கையில் இருந்த நாயின் படத்தைப் பார்த்ததிலிருந்து சித்தி ஒற்றைக்காலில் நின்றாள். மூன்று பேரும் போனோம். காப்பகத்தை நடத்தும் அம்மாள் முழங்கால்வரை ரப்பர் பூட்ஸ் போட்டிருந்தார். சுற்றி வளைக்கவில்லை. வயது இரண்டு, எடை முப்பத்தெட்டு கிலோ. என்ன ஜாதி என்று சித்தப்பா கேட்டதற்கு, "அப்பன் வேட்டைநாய், அம்மா ஆட்டுமந்தை காக்கிற நாய், நடுவுல யாரோ ஒரு வழிப்போக்கன்" என்றார். உடம்பு செங்கல் நிறம், ஒரு காது மட்டும் கறுப்பு. வால் மேலே போய்ச் சுருண்டு நின்றது, வாக்கியத்தின் நடுவில் மூச்சு வாங்குகிற மாதிரி.

"தினம் ரெண்டு மணி நேரம் ஓடணும். அது ஓடலைன்னா உங்க சோபா ஓடும்" என்றார் அந்த அம்மாள். பிறகு வரிசையாகக் கேள்விகள். பகலில் வீட்டில் ஆள் உண்டா, மாடிப்படி எத்தனை, மழையில் யார் கூட்டிப்போவது, வயதாகி நடக்க முடியாமல் போனால் தூக்கிக்கொண்டு இறங்க ஆள் இருக்கிறதா. கடைசிக் கேள்விக்கு இரண்டு பேரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள்.

ஏற்கெனவே இரண்டு வீட்டார் அதைக் கொண்டுபோய்த் திருப்பி விட்டிருந்தார்கள். மூன்றாவது முறையும் திரும்பினால் வீடு தேடுவதை நிறுத்திவிடுவார்களாம். ஊருக்கு வெளியே ஒரு கிடங்கில் காவலுக்கு நாய் கேட்டிருக்கிறார்கள். அங்கே போனால் பகலும் இரவும் சங்கிலிதான். ஆனாலும் பொருந்தாத வீட்டில் கிடந்து இரண்டு தரப்பும் வதைபடுவதற்கு அது மேல் என்றார். பதினான்கு நாள் வைத்துப் பார்க்கத் தவணை. ஒரு படிவம் கொடுத்தார். அதன் அடியில் இரண்டு வரிகள் இருந்தன: 'வைத்துக்கொள்கிறோம்', 'திருப்பித் தருகிறோம்'. வேண்டாததை அடித்துவிட்டுக் கையெழுத்துப் போட வேண்டும்.

வாலைப் பார்த்துச் சித்திதான் கமா என்று பெயர் வைத்தாள். "முற்றுப்புள்ளின்னா என்னன்னே தெரியாத ஜென்மம்" என்றாள் பெருமையாக. மூன்று பேருக்கும் பெயர் பிடித்திருந்தது. அந்த வீட்டில் அந்தப் பெயரை வைக்கலாமா என்று ஒருவருக்கும் தோன்றவில்லை.

முதல் நாளே வால் இரண்டு தேநீர்க் கண்ணாடித் தம்ளர்களைத் தட்டிவிட்டது. கோபத்தில் அல்ல, நன்றி சொல்லும்போது. இரண்டாம் நாள் என் செருப்பில் இடது கால் காணாமல் போனது. மேலே குதிரைப் பந்தயம் நடக்கிறதா, தானும் ஒரு குதிரை மேல் பணம் கட்டலாமா என்று பல் டாக்டர் மிகவும் மரியாதையாகக் கேட்டார். சித்தப்பா மட்டும் கம்பியைப் பிடித்தபடி, "உள்ள போ, உள்ள போ" என்று நாயைப் பின்னறைக்கு அனுப்பிக்கொண்டே இருந்தார். அதாவது என் அறைக்கு.

மூன்றாம் நாள் வாசிப்பு தொடங்கியது. ஒரு குடும்ப நாவல், நானூற்றிச் சொச்சம் பக்கம். "காலை விடிந்தது கமா" என்றார் சித்தப்பா. பின்னறையிலிருந்து முப்பத்தெட்டு கிலோ பறந்து வந்து அவர் காலடியில் உட்கார்ந்தது. அவர் நாயைப் பார்த்தார், நாய் அவரைப் பார்த்தது. "போடா, உன்ன இல்ல" என்று அனுப்பினார். "காக்கைகள் கரைந்தன கமா." திரும்ப வந்தது. அந்த நாவலாசிரியர் கமாவில் சிக்கனம் தெரியாதவர். முதல் அத்தியாயம் முடிவதற்குள் நாய் அறுபது முறையாவது கூடத்துக்கும் பின்னறைக்கும் ஓடியிருக்கும். அன்றைக்கு அதற்குத் தேவையான ஓட்டம் முழுவதும் வீட்டுக்குள்ளேயே முடிந்துவிட்டது என்று சித்தி சமாதானம் சொன்னாள்.

காற்புள்ளி என்று வாசித்தால் என்ன என்று நான் கேட்டேன். நான் வாயைத் திறப்பதே அபூர்வம் என்பதால் இருவரும் ஒரு கணம் நின்று கேட்டார்கள். பிறகு சித்தப்பா, "கமாவ விட மூணு எழுத்து கூட. அத்தியாயத்துக்கு அறுபது தடவ. தாடை கழண்டுடும்டா" என்று தள்ளிவிட்டார். என் ஆலோசனைக்கு அத்துடன் வழியனுப்பு நடந்தது.

ஐந்தாறு நாளில் நாய் பாடம் கற்றுக்கொண்டது. கமா என்றால் ஒன்றுமில்லை, யாரும் எதுவும் தரப்போவதில்லை. காதை மட்டும் அசைத்துவிட்டுப் படுத்துக்கொண்டது. ஒரு சொல்லுக்குத்தான் எழுந்தது. மாலையில் சித்தப்பா "முற்றும்" என்று முழங்கியதும் சித்தி பேனாவை மூடிவிட்டு, டப்பாவிலிருந்து ஒரு பிஸ்கட் எடுத்துக் கொடுத்து, ஆணியில் தொங்கும் தோல்வாரை எடுப்பாள். மைதானத்துக்கு அழைத்துப்போகிற நேரம் அதுதான். நடுவில் ஒரு நாள் புதுக்கவிதைத் தொகுப்பு ஒன்று வந்தது. எண்பது பக்கத்தில் தேடினாலும் ஒரு கமா கிடையாது. அன்று கூடத்தில் அப்படியொரு நிம்மதி. நாய்கூட எழுந்து வந்து சித்தப்பாவின் பாதத்தில் தலையை வைத்துக்கொண்டு முழுத் தொகுப்பையும் கேட்டது. அவர் காலை இழுத்துக்கொள்ளவில்லை. "மரத்துப்போச்சு, அதான்" என்றார் பிறகு, யாரும் கேட்காமலே.

பத்தாம் நாள் வினை வந்தது. மைதானத்தில் சித்தி வாரைக் கழற்றி விட்டாள். நாய் நேராகப் பந்தாட்டத்துக்குள் புகுந்து, பந்தைக் கவ்விக்கொண்டு வேலி தாண்டிச் சாலைக்கு ஓடிவிட்டது. கமா, கமா என்று சித்தி தொண்டை வற்றக் கூப்பிட்டாள். அது திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ஏன் பார்க்க வேண்டும்? ஒரு நாளைக்கு நானூறு முறை சும்மா கேட்கிற சொல்தானே. ஒரு தள்ளுவண்டிக்காரர் வண்டியைக் குறுக்கே நிறுத்தித்தான் பிடிக்க முடிந்தது. ஒரு லாரி அப்போதுதான் கடந்து போயிருந்தது.

அன்று இரவுச் சாப்பாட்டின்போது சித்தப்பா கம்பியைப் பிடிக்கவில்லை. உட்கார்ந்தே பேசினார். அதிலேயே விஷயம் எனக்குப் புரிந்துவிட்டது.

"கூப்பிட்டா வராத நாய வச்சுக்கக் கூடாதும்மா. பாசம் வேற, பொறுப்பு வேற. எனக்கு முட்டி போச்சு, உனக்குக் கழுத்து வலி, இவன் எப்பக் கல்யாணம் பண்ணிட்டுப் போவான்னு தெரியாது. நாளைக்கு அது வண்டில அடிபட்டா யார் பதில் சொல்றது?"

சித்தி தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்: "எனக்காகவா கேட்டேன்? காப்பகத்துக்குப் போனதத் தவிர நீங்க படி இறங்கி எத்தன மாசமாச்சு? உங்களுக்கு ஒரு டிரிப் வேணும்னுதான்."

இருந்தும் பதிமூன்றாம் நாள் சித்தப்பா படிவத்தை எடுத்து, 'வைத்துக்கொள்கிறோம்' என்பதை ஒரே கோடாக அடித்துக் கையெழுத்தும் போட்டுவிட்டார். அடித்த கோடு சற்று நடுங்கியிருந்ததைச் சித்தி கவனித்தாள். கோடு பார்ப்பதுதானே அவள் தொழில்.

முதல் தடவை ஆட்டோவில் வேறு வழியாகப் போன நாங்கள் பதினான்காம் நாள் காலை நடந்தே போனோம். சித்தப்பா தானே வாரைப் பிடித்துக்கொண்டார். வழியில் அவருடைய பழைய பஸ் பணிமனை வருகிறது. ஓய்வு பெற்றதிலிருந்து அவர் அந்தத் தெருப் பக்கமே வந்ததில்லை. வாயிலருகே வந்தபோது எங்கேயோ ஒரு பஸ் ஹார்ன் அடித்தது. நாய் துள்ளிய துள்ளலில் கழுத்துப் பட்டையின் கொக்கி விட்டுவிட்டது. வார் சித்தப்பாவின் கையில் இருந்தது, நாய் பணிமனைக்குள் இருந்தது. காலை ஷிப்ட் கிளம்பும் நேரம். பஸ்கள் பின்னுக்கு வருவதும் முன்னுக்குப் போவதுமாக இருந்தன. நாய் ஒவ்வொரு சக்கரத்தையும் மோந்து பார்த்தபடி இடையில் ஓடிக்கொண்டிருந்தது.

சித்தி கத்தினாள். நானும் என் வாழ்நாளில் முதல்முறையாகத் தெருவில் நின்று கத்தினேன். கமா என்ற சொல் அந்தக் காதுகளில் ஏறவே இல்லை. ஒரு பஸ் அதை நோக்கிப் பின்னோக்கி வரத் தொடங்கியது.

அப்போது சித்தப்பா வாயிற்கம்பியை எட்டிப் பிடித்தார். கால்களை அகட்டினார்.

"முற்றும்!"

நான்கு வருடம் வீட்டுக்குள் அடங்கிக் கிடந்த குரல், பணிமனையின் தகரக் கூரையில் மோதித் திரும்பியது. பின்னால் வந்த பஸ் அந்தக் குரலுக்குப் பழகிய பஸ் போலிருக்கிறது, அப்படியே நின்றுவிட்டது. நாயும் நின்றது. காதைத் தூக்கியது. பிறகு எண்ணெய்க் கறை படிந்த தரையில் வழுக்கிக்கொண்டு ஓடிவந்து, சித்தப்பாவின் எதிரே உட்கார்ந்து, பிஸ்கட் எங்கே என்பதுபோல நிமிர்ந்து பார்த்தது.

பஸ்ஸிலிருந்து டிரைவர் எட்டிப் பார்த்தார். சித்தப்பாவோடு பல வருடம் ஓட்டியவராம். "என்ன கண்டக்டரே, யாருக்கு முற்றும்?"

"இதுக்குத்தாம்பா."

"டிக்கெட் எடுத்தாச்சா?"

சித்தப்பா நாயின் கழுத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தார். "இன்னும் இல்ல" என்றார். இவ்வளவு மெதுவாக அவர் பேசி நான் கேட்டதில்லை.

வாரைக் கழுத்துப் பட்டையில் முடிச்சுப்போட்டுக் கட்டிக்கொண்டு மேலே நடந்தோம். காப்பகம் வரும்வரை சித்தப்பா வாரைக் கையில் இரண்டு சுற்றுச் சுற்றிப் பிடித்திருந்தார். பூட்ஸ் போட்ட அம்மாள் மேஜைமேல் படிவத்தை விரித்தார். அடித்திருந்த வரியைப் பார்த்ததும் அவர் முகம் சுருங்கியது. குறை சொல்லவில்லை. பெருமூச்சோடு பதிவேட்டைத் திறந்தார்.

"இருங்கம்மா" என்றார் சித்தப்பா. பிறகு சித்தியிடம் கையை நீட்டினார். "அந்தப் பேனாவக் குடு."

சித்தி ஒரு நிமிடம் யோசித்தாள். இருபத்தேழு வருடக் குடித்தனத்தில் அந்தப் பேனா கை மாறியதில்லை. பையிலிருந்து எடுத்துக் கொடுத்தாள். சித்தப்பா படிவத்தின் மேல் குனிந்து, அடித்த 'வைத்துக்கொள்கிறோம்' என்பதன் அடியில் ஒன்றன்பின் ஒன்றாகப் புள்ளி வைத்தார். எழுத்துக்கு ஒன்று என்று கணக்காக. பிறகு 'திருப்பித் தருகிறோம்' என்பதை நடுங்காத கோடாக அடித்தார். ஓரத்தில் எதையோ எழுதினார்.

"இது என்னங்க புள்ளி? மை சிந்திடுச்சா?" என்று அந்த அம்மாள் கேட்டார்.

சித்தி விளக்கம் சொன்னாள். பாதியில் குனிந்து நாயின் காதைத் தடவத் தொடங்கிவிட்டதால் மீதியை நான் சொல்ல வேண்டியதாயிற்று.

"கூப்பிட்டா வருதும்மா" என்றார் சித்தப்பா அந்த அம்மாளிடம், சாட்சி சொல்கிற மாதிரி. "நாங்கதான் தப்பாக் கூப்பிட்டுட்டு இருந்தோம். இனிமே புஸ்தகத்துல வர்றத காற்புள்ளின்னு வாசிக்கிறேன். தாடை போனாப் போவுது. கீழ் வீட்லதான் டாக்டர் இருக்காரே. கமாங்கிற பேரு இதுக்கு மட்டும்."

தன் பெயரைக் கேட்டு நாய் காதை மட்டும் அசைத்தது. அந்தப் பாடத்தை மறக்கவைக்க இன்னும் சில வாரமும் நிறையப் பிஸ்கட்டும் ஆகும் என்றார் பூட்ஸ் அம்மாள்.

படிவத்தை அவர் மடிக்கப்போனபோது சித்தி கையை வைத்துத் தடுத்தாள். ஓரத்தில் எழுதியிருந்ததைப் படித்துக்கொண்டிருந்தாள். சித்தப்பாவின் கையிலிருந்து பேனாவை வாங்கினாள். அவர் 'இருக்கடும்' என்று எழுதியிருந்தார். சித்தி அந்தச் சொல்லின் நடுவில் ஒரு சிறு கூரைக்குறி போட்டு, மேலே ஒரு 'ட்' எழுதி, பேனாவை மூடிப் பையில் வைத்துக்கொண்டாள்.