மலாக்காவில் மனைவியிடம் வேலைக்குச் சேர்ந்த கதை

மலாயாவுக்குச் சுதந்திரம் கிடைத்த மறு வருடம் ஆடிக் கடைசியில் நாகப்பட்டினத்தில் கப்பல் ஏறினேன். ஊர் சுற்றிப் பார்க்கும் ஆசை எதுவும் கிடையாது. கல்யாணமாகி இரண்டு வருடம் ஆகியும் மனைவியோடு சேர்ந்து இருந்தது மூன்றே மாதம். கமலம் மலாக்காவில் பிறந்தவள். அப்பாவோடு நாகைக்கு வந்திருந்தபோது எங்கள் கல்யாணம் நடந்தது. மாமியார் முன்பே இல்லை; திரும்பிப் போன கொஞ்ச நாளில் மாமனாரும் காலமாகிவிட்டார். மலாக்காவின் காஜா பெராங் பகுதியில் அவர் நடத்திய சின்ன அச்சகமும், பள்ளிக்கூடம் போகும் இரண்டு தம்பிகளும் அவள் பொறுப்பில் வந்து விழுந்தன. அவளால் வர முடியாது, நான்தான் போக வேண்டும். என்னைப்போல அக்கரையில் பெண் எடுத்துவிட்டு இக்கரையில் விழித்துக்கொண்டு நிற்கும் மாப்பிள்ளைகளுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

கப்பலில் திறந்த மேல்தட்டில் படுத்துப் போகும் மலிவு டிக்கெட்தான் என் சக்திக்கு முடிந்தது. பாயும் போர்வையும் கட்டாயம் கொண்டுபோங்கள். அம்மை ஊசி போட்ட சீட்டைச் சட்டைப் பையிலேயே வைத்துக்கொள்ளுங்கள், பெட்டிக்குள் வைத்தால் கேட்கிற நேரத்தில் கிடைக்காது. பினாங்கில் பாதிப் பேர் இறங்கினார்கள். நான் போர்ட் சுவெட்டன்ஹாம் வரை போய் இறங்கினேன். அங்கே என் பாஸ்போர்ட்டில் மூன்று மாத விசிட் பாஸ் குத்தினார்கள். மூன்று மாதம் என்பது அப்போது பெரிதாகத் தெரிந்தது.

அங்கிருந்து ரயிலில் கோலாலம்பூர், மறுநாள் காலை பஸ்ஸில் மலாக்கா. சுமார் தொண்ணூறு மைல், கட்டணம் மூன்றரை வெள்ளி; அந்த ஊர் டாலரை அப்படித்தான் சொல்கிறார்கள். சிரம்பான் தாண்டியதும் இரண்டு பக்கமும் ரப்பர் மரம், பார்க்கப் பார்க்க அதேதான். ஜன்னலோர இடத்துக்காகச் சண்டை போட வேண்டியதில்லை.

பஸ் நிலையத்தில் பேச்சா என்கிற மூன்று சக்கர வண்டிக்காரர்கள் சூழ்ந்துகொண்டார்கள். நல்லவேளை, ஒருவர் தமிழர். காஜா பெராங்குக்கு அரை வெள்ளி பேசி ஏறினேன். பெட்டியைப் பார்த்தே ஆளை எடை போட்டுவிட்டார்.

"அண்ணன் ஊர்லேர்ந்து புதுசா வர்றீங்களா? பாஸ் எத்தன மாசம்?"

"மூணு மாசம்."

"வேலையா, சும்மாவா?"

"சம்சாரம் இங்க இருக்கு."

அவர் பெடலை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தார். "சம்சாரம் ஊர்ல இருந்து, புருஷன் இங்க இருந்தா சுலபம்ண்ணே. உங்க கேஸு தலகீழால்ல இருக்கு!"

நான் பாஸ்போர்ட்டை எடுத்து, குத்தியிருந்த தேதியை இன்னொரு முறை பார்த்துக்கொண்டேன்.

கமலத்தின் வீடு தெருவைப் பார்த்த கடைவீடு. முன்னால் அச்சகம், பின்னால் குடித்தனம். பக்கத்திலேயே செட்டிக் கம்பம் என்கிற குடியிருப்பு. அங்கிருக்கிறவர்கள் நம் சாமியைத்தான் கும்பிடுகிறார்கள், விபூதி பூசுகிறார்கள், பொங்கல் வைக்கிறார்கள். பேசுவது மட்டும் மலாய். பழைய காலத்தில் இங்கே வந்து மணம் முடித்துத் தங்கிவிட்ட தமிழர்களின் வம்சமாம். அந்தப் புண்ணியவான்களிடம் யார் பாஸ் கேட்டார்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

வந்த மறுநாள் கமலம் என்னைக் கோயிலுக்குக் கூட்டிப்போனாள். ஜாலான் துக்காங் எமாஸில், அதாவது தட்டார் தெருவில், இருக்கும் பொய்யாத விநாயகர் கோயில் அவசியம் பார்க்க வேண்டிய இடம். ஒரே தெருவில் நம் கோயிலும் கம்போங் கிளிங் பள்ளிவாசலும் இருக்கின்றன. காலை ஏழு மணிக்குப் போனால் கூட்டம் இருக்காது. என் பெயர் விநாயகம் என்பதால் கமலம் மட்டும் கல்யாணத்திலிருந்து அந்தக் கோயிலின் பெயரைச் சொல்வதில்லை. புருஷன் பெயரைப் பெண்டாட்டி வாயால் சொல்லக்கூடாதல்லவா. "தட்டார் தெரு சாமி" என்பாள். அச்சகத்தில் ஆறு வாடிக்கையாளர்களை ஒரே நேரத்தில் சமாளித்து, காகிதக் கடைக்காரனைச் சத்தம் போட்டு விரட்டுகிற பெண், இந்த ஒரு விஷயத்தில் அவள் அம்மாவைவிடக் கட்டுப்பெட்டி. நான் அவளைக் கேலி செய்வேன்.

இரண்டாவது வாரம் குடிநுழைவு அலுவலகத்துக்குப் போனோம். காஜா பெராங்கிலிருந்து நடந்தால் அரை மணி. அங்கே இருந்த தமிழ் குமாஸ்தா தெங்கேரா பக்கத்துக்காரர், நல்ல மனிதர். நாங்கள் கொண்டுபோன கல்யாணப் பத்திரிகை, கோயில் ரசீது, போட்டோ எல்லாவற்றையும் பொறுமையாகப் பார்த்தார்.

"இதெல்லாம் சரிதாம்மா. இங்க உள்ள ஆம்பள ஊர்லேர்ந்து பொண்டாட்டிய கூப்பிட வழி இருக்கு. பொண்ணு தன் புருஷன கூப்பிட வழி இல்ல. பொண்டாட்டின்னா புருஷன் இருக்கிற எடத்துக்குப் போவணும்னுதான் நெனைக்கிறாங்க."

"நான் போனா என் தம்பிங்கள யாரு பாக்குறது? அச்சகத்த யாரு பாக்குறது?" என்றாள் கமலம்.

"நான் சட்டம் எழுதலம்மா." கொஞ்சம் யோசித்துவிட்டு என்னைப் பார்த்தார். "தம்பி ஊர்ல என்ன வேலை?"

நாகையில் ஒன்பது வருடம் அச்சுக் கோர்த்தவன் நான் என்றேன். அவர் முகம் மாறியது. தமிழ் எழுத்துக் கோர்க்க இங்கே ஆள் கிடைப்பது அரிது, இருந்தவர்கள் ஒவ்வொருவராக ஊருக்குத் திரும்பிக்கொண்டிருந்தார்கள். அச்சக முதலாளி மனுப் போட்டால் வேலைப் பாஸுக்கு வாய்ப்பு உண்டு என்றார். முதலாளி யார்? கமலம்.

நாகையிலிருந்து கொண்டுவந்த வேலைச் சான்றையும் சேர்த்து மனுப் போட்டாயிற்று. பதில் வர வேண்டும். அந்த நாட்களில் நான் இருந்த இருப்பைச் சொன்னால் சிரிப்பீர்கள். வேலைப் பாஸ் இல்லாமல் எழுத்துப் பெட்டியைத் தொடக்கூடாது என்று குமாஸ்தா சொல்லியிருந்தார். கல்யாணப் பத்திரிகைகள் குவிந்து கிடக்க, கமலம் தனியாகத் திணற, நான் கையைக் கட்டிக்கொண்டு பார்த்திருக்க வேண்டும். வீட்டில் இருப்புக் கொள்ளாமல் நடக்கக் கிளம்பிவிடுவேன். ஒரு நாள் தெங்கேரா, கடலோரமாகப் போய் வரலாம், காற்று நன்றாக இருக்கும். ஒரு நாள் பத்து பெரெண்டாம் விமான நிலையம் வரை போய் விமானம் இறங்குவதைப் பார்த்தேன். அதில் யாரோ கவலையில்லாமல் வந்து இறங்குகிறான் என்று எரிச்சல்தான் வந்தது. வீட்டுக்குத் திரும்பினால் பக்கத்து வீட்டுச் செட்டிப் பெண்மணி வாசலில் நின்று மலாயில் அன்பாக ஏதோ விசாரிப்பார். அர்த்தம் கேட்டேன். "எப்ப ஊருக்குத் திரும்புறீங்கன்னு கேக்குறாங்க" என்றாள் கமலம். அதன் பிறகு அந்த வாசலைச் சுற்றிக்கொண்டு பின்பக்கமாகப் போகத் தொடங்கினேன். ராத்திரி சாப்பாட்டில் உப்பில்லை என்று ஒரு நாள் கத்தினேன். உப்பு சரியாகத்தான் இருந்தது.

பாஸ் முடிய பத்துப் பன்னிரண்டு நாள் இருக்கும்போது விசாரணைக்கு அழைப்பு வந்தது. அதிகாரி மலாய்க்காரர், அமைதியாகப் பேசுகிறவர். கமலத்தை நாற்காலியில் உட்காரச் சொன்னார். வேலையாள் என்பதால் நான் சுவரோரம் நின்றேன், குமாஸ்தா மேசையருகே நின்றார். அதிகாரி மலாயில் கேட்க, கமலம் மலாயில் டக் டக்கென்று பதில் சொன்னாள். அச்சகம் எத்தனை வருடம், என்ன சம்பளம், எங்கே தங்க வைப்பாய் என்று கேட்டிருப்பார். எனக்கு ஒன்றும் புரியாவிட்டாலும் அவள் குரலைக் கேட்கத் தைரியமாக இருந்தது.

சட்டென்று அவள் பேச்சை நிறுத்திவிட்டாள்.

அதிகாரி மறுபடி கேட்டார். அவள் தலை குனிந்துகொண்டாள். என்ன தப்பு நடந்தது என்று நான் குமாஸ்தாவைப் பார்த்தேன். குமாஸ்தா குனிந்து தமிழில் சொன்னார்: "வேலையாளோட பேரக் கேக்குறாரும்மா."

கமலம் என்னைத் திரும்பிப் பார்த்தாள். நான் வாயைத் திறந்தேன். அதிகாரி கையை உயர்த்தி என்னைத் தடுத்துவிட்டார். மனுவைத் திருப்பி வைத்து, முதலாளிக்கே ஆளின் பெயர் தெரியவில்லையா என்பதுபோல அதைப் பார்த்தார். குமாஸ்தா அவரிடம் மெதுவாக எதையோ விளக்கினார். அதிகாரி சிரிக்கவில்லை, கோபப்படவும் இல்லை. ஒரு பதில் சொன்னார். குமாஸ்தா தயங்கித் தயங்கி எங்களுக்குச் சொன்னார்.

"உங்க வழக்கம் அவருக்குப் புரியுதாம்மா. ஆனா புருஷன்னு நெனச்சு நீங்க சொல்லாம இருந்தா, அவரு புருஷனாத்தான் வந்திருக்காருன்னு ஆயிடும். புருஷனுக்குப் பாஸ் குடுக்க முடியாது. முதலாளியா வந்திருந்தா சொல்லுங்கங்கிறாரு."

எனக்குச் சொல்லித் தொலை என்று கத்த வேண்டும் போலவும் இருந்தது, சொல்லாதே, எழுந்து வா, போகலாம் என்று கையைப் பிடித்து இழுக்க வேண்டும் போலவும் இருந்தது.

கமலம் முந்தானையை இழுத்துச் சொருகிக்கொண்டாள். அச்சகத்தில் பிழை பார்க்கும்போது படிப்பதைப்போல, ஒவ்வொரு எழுத்தாக, மேசையைப் பார்த்துச் சொன்னாள்.

"வி. நா. ய. க. ம்."

அதிகாரி சேர்த்துச் சொல்லச் சொன்னார்.

"விநாயகம்," என்றாள். அப்புறம் யாரும் கேட்காமலே, தலையை நிமிர்த்தி, "விநாயகம். நம்ம கடை அச்சு ஆளு" என்று தமிழிலும், பிறகு மலாயிலும் சொன்னாள். கண்ணில் தண்ணீர் நின்றது, விழவில்லை. அவள் வாயால் என் பெயரைக் கேட்டது அதுதான் முதல் தடவை. பெருமையும் அவமானமும் ஒன்றாக வந்தால் முகத்தை எப்படி வைத்துக்கொள்வது என்று எனக்குத் தெரியவில்லை. கூப்பிட்ட வேலைக்காரன்போல "இருக்கேன்" என்று சொல்லிவிட்டேன்.

ஒரு வாரம் கழித்து ஒரு வருடப் பாஸ் கிடைத்தது. அன்றைக்கே எழுத்துப் பெட்டி முன் உட்கார்ந்தேன். அந்த வருடத்துத் தை மாதக் கல்யாணப் பத்திரிகை பாதி நான் கோர்த்ததுதான்.

போக நினைக்கிறவர்களுக்குச் சில வார்த்தைகள். பழைய முதலாளியிடம் வேலைச் சான்றை வருடம் போட்டு, முத்திரையோடு வாங்கிக்கொண்டு கிளம்புங்கள். எனக்குக் கை கொடுத்தது அதுதான். வந்து சேர்ந்த முதல் வாரத்திலேயே மனுப் போடுங்கள், என்னைப்போல் விருந்து சாப்பிட்டு நாளைக் கடத்தாதீர்கள். அலுவலகத்தில் காலை எட்டு மணிக்கு முன்பே வரிசையில் நின்றுவிட வேண்டும். பாஸ் கைக்கு வரும்வரை வேலையில் கை வைக்காதீர்கள். கல்யாணப் பத்திரிகை அங்கே செல்லாது, இருந்தாலும் எடுத்துப் போங்கள், யாராவது ஒருத்தராவது பார்க்கட்டும். புறப்படுவதற்கு முன்பே கடிதத்தில் எழுதி, உங்கள் பெயரைச் சொல்லிப் பழகும்படி மனைவியிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

இப்போது எனக்கு மூன்றாவது பாஸ் ஓடுகிறது. ஒவ்வொரு வருடமும் முதலாளி மனுப் போடுகிறாள், நான் சுவரோரம் நிற்கிறேன். போன முறை போனபோது அவள் இடுப்பில் எங்கள் பெண் இருந்தாள். குழந்தைக்கும் ஏதாவது எழுதிக் கொடுக்க வேண்டுமா என்று கேட்டேன். குமாஸ்தா சிரித்தார். "இவங்க இங்க பொறந்தவங்க. இந்த நாட்டுக்காரங்க. இவங்களுக்கு எதுக்குப் பாஸு?"

இவள் பெரியவளானதும் அப்பாவை இங்கே இருக்க விடுங்கள் என்று இவளே மனுப் போடுவாள் என்கிறாள் கமலம். அப்படி ஒரு சட்டம் உண்டா என்று கேட்க எனக்கு மனம் வரவில்லை. குழந்தைக்கு எட்டு மாதம். இன்றைக்குத்தான் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றாள். தம்பிகள் கை தட்டினார்கள், கமலம் திருஷ்டி சுற்றிப் போட்டாள். நான் மட்டும் இன்னும் எத்தனை வருடம் என்று கணக்குப் போட்டுக்கொண்டு நின்றேன்.