பவுடர் போட்ட பதாகை

தமிழ்ச் சங்கத் தலைவரே, மேடையில் நீங்கள் சொன்னது பொய். பதாகையில் நிறம் பிழையாய்ப் போனதற்குக் காரணம் எங்கள் பிரஸ் இல்லை. நீங்கள்.

இந்தத் தொழிலுக்கு வரும் இளையவர்களுக்காக முழுக்கதையையும் எழுதுகிறேன்.

1. பவுடர்

டண்டினொங்கில் ஒரு பிரஸ்ஸில் நிறம் திருத்துவதுதான் ஓய்வு பெறும்வரை என் வேலை. புலம்பெயர்ந்து வந்த நம்மவர்களின் கலியாண அல்பமோ பிள்ளை பெரியவளானதற்கு அடிக்கும் சாமத்திய வீட்டுக் கார்டோ வந்தால் முகங்களை வெளுத்துத்தான் கொடுக்க வேண்டும். இதற்கு ‘பவுடர் போடுறது’ என்று பெயர். வெளுக்காவிட்டால் மாப்பிள்ளையின் தாய் சண்டைக்கு வருவார்.

2. புரூஃப்

சிறுவர் கதைகள் எழுதும் அபுக்குக்குச் சங்கம் பாராட்டு விழா எடுத்தது. அவர் தென் சூடானில் பிறந்த பெண்மணி. அவருடைய எல்லாக் கதைகளிலும் கறுத்தப் பெண்பிள்ளைதான் நாயகி. மரம் ஏறுவாள், வாய் காட்டுவாள், சிங்கத்தை ஏமாற்றுவாள். நம் பிள்ளைகள் லைப்ரரியில் அந்தப் புத்தகங்களுக்கு அடிபடுவார்கள். அவற்றில் ஒன்றைத் தமிழில் அச்சிடும் வேலையும், அபுக்கின் படம் போட்ட பதாகையும் எங்களுக்கு வந்தன. புரூஃப் பார்க்கத் தலைவர் வந்தார்.

“வடிவாத்தான் கிடக்கு தங்கச்சி. கொஞ்சம் பவுடர் போட்டு விடுமன்.”

“ஆருக்கு அண்ணை?”

“ரண்டு பேருக்கும்தான். கதையில வாற பிள்ளைக்கும், எழுதின மனிசிக்கும்.”

“கறுத்தப் பிள்ளையளைப் பற்றி எழுதினதுக்குத்தானே விழாவே எடுக்கிறியள்?”

“ஓம், அதைப் பேச்சில விளக்கமாச் சொல்லுவன். படத்தில என்னத்துக்கு?”

“ஏலாது.”

“உமக்கு வாய் கூடிப்போச்சு.”

புத்தகத்தில் கை வைக்க நான் விடவில்லை. கோபத்தில் பதாகை வேலையை மட்டும் பறித்துக்கொண்டு போய், ட்ருகனினாவில் கலியாணப் படம் பிடிக்கும் தன் மருமகனிடம் கொடுத்தார்.

புத்தகத்துக்கு நான் மூன்று புரூஃப் எடுத்தேன். கறுத்த தோலுக்கு வெறும் கறுப்பு மையைக் கூட்டினால் முகம் கரியாகிவிடும். மஜென்டாவும் மஞ்சளும் சேர்த்து நிறத்தைக் கட்ட வேண்டும், கன்னத்து மினுக்கம் சாகக் கூடாது. அதைச் சரியாகச் செய்தேன். இதில் எனக்கு அடக்கம் ஒன்றும் இல்லை.

3. விழா

அபுக் மண்டபத்துக்குள் வந்தார். பதாகையின் முன் நின்றார். மருமகன் அவருடைய முகத்தை வெளுத்ததோடு, பழக்கதோஷத்தில் உதட்டுக்கு ரோஸ் நிறமும் போட்டிருந்தான். அவர் தலைவரிடம் ஆங்கிலத்தில் கேட்டார்: “அழகான அம்மா. இவர் எனக்கு முன்னால் பேசுகிறாரா, பின்னாலா?”

முன்வரிசையே சிரித்தது. தலைவர் மேடைக்கு ஓடினார். மைக்கைப் பிடித்தார்.

“டண்டினொங் பிரஸ்ஸில மெஷின் பழுது. நிறம் மாறிப்போச்சு. மன்னிக்க வேணும்.”

பிறகு, கறுத்தப் பிள்ளைகள் புத்தகத்தில் தங்களைக் காண்பது எவ்வளவு முக்கியம் என்று நீட்டி முழக்கினார். எல்லோரும் கை தட்டினார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

கையெழுத்து வாங்க நின்ற பிள்ளைகள் புத்தக அட்டையில் இருந்த பெண்பிள்ளைக்குப் பக்கத்தில் தங்கள் கையை வைத்து நிறம் பார்த்தார்கள். தலைவரின் பேத்தியும் வைத்துப் பார்த்தாள். “சேம் கலர்!” என்று கத்தினாள். அபுக் அவளுக்குத்தான் முதல் கையெழுத்துப் போட்டார்.

இளையவர்களே, வெளுக்கச் சொல்பவன் தலைவராக இருந்தாலும் ஏலாது என்று சொல்லுங்கள். மெஷின் வாய் திறக்காது. பழியெல்லாம் அதன் தலையில்தான் விழும்.

தலைவரே, எங்கள் மெஷின் அந்தப் பதாகையைத் தொடவே இல்லை. பழுது எங்கே இருந்தது? வருகிற பொதுக்கூட்டத்தில், அதே மைக்கில், உங்கள் பேத்தியை முன்வரிசையில் இருத்தி வைத்துக்கொண்டு பதில் சொல்லுங்கள்.