வீட்டுக்கு அடியில் தெரிந்த முருங்கைமரம்

தெருவிலிருந்து மூன்று படி கீழே இறங்கிப் போகவேண்டிய ஒரு வீட்டை, அந்த மூன்று படிகளுக்காகவே ஆசைப்பட்டு வாங்கியவன் நான். வீட்டைக் காட்ட வந்த புரோக்கர் படிகளைப் பற்றி வாயே திறக்கவில்லை. நான்தான் அவருக்கு விளக்கினேன். வெயில் காயும் ஊர்களில் அந்தக் காலத்தில் இப்படித்தான் தாழ்வாகக் கட்டுவார்கள், மண்ணின் குளிர்ச்சி உள்ளேயே நிற்கும், இன்றைய கொத்தனார்களுக்கு இந்தச் சூட்சுமம் தெரியாது என்று ஒரு சின்னப் பிரசங்கமே செய்தேன். அவர் கையைக் கட்டிக்கொண்டு கேட்டார்.

"ஆமாங்க சார். இப்பல்லாம் யாரு சார் இப்பிடிக் கட்றாங்க?"

உண்மைதான். இப்போது யாரும் அப்படிக் கட்டுவதில்லை. அப்போதும் யாரும் கட்டவில்லை. கட்டியபோது அந்த வீடு தெருவைவிட உயரமாகத்தான் இருந்திருக்கிறது. பிறகு சாலை போட வந்தவர்கள் ஒவ்வொரு முறையும் பழைய தாரைச் சுரண்டாமல் அதன்மேலேயே புதுத் தாரைக் கொட்டிவிட்டுப் போக, தெரு வளர்ந்துவிட்டது. வீடு நின்ற இடத்திலேயே நின்றது. நான் பள்ளிக்கூடத்தில் வரலாறு நடத்துகிறவன். பழைய நகரங்கள் ஏன் மண்ணுக்கு அடியில் கிடைக்கின்றன என்று வருடாவருடம் கரும்பலகையில் அடுக்கடுக்காகப் படம் போட்டுக் காட்டுகிறவன். அகழ்வாராய்ச்சிக்கு உகந்த ஒரு வீட்டை நான் வாடகைக்கு விடுவதற்காக வாங்கியிருந்தேன்.

இந்த ஆசை வந்ததற்குக் காரணம் எங்கள் ஊர் மாவட்டத் தலைநகர் ஆனதுதான். கலெக்டர் ஆபீஸ், கோர்ட், அது இது என்று கள்ளக்குறிச்சிக்கு மாற்றலாகி வந்தவர்கள் வீடு தேடிக்கொண்டு ஷேர் ஆட்டோவில் சுற்றினார்கள். எங்கள் ஆசிரியர் அறையில் பாடத்தைப் பற்றிய பேச்சு நின்றுபோய் மனை, வாடகை, அட்வான்ஸ் என்றே ஓடியது. கணக்கு வாத்தியார் ஒரு வீடு வாங்கினார்; பொறுத்துக்கொண்டேன். டிரில் மாஸ்டர் இரண்டாவது வீடு வாங்கியபோது பொறுக்க முடியவில்லை. முதலீடு பற்றிய புத்தகங்களாக வாங்கிப் படித்தேன். வீட்டைவிட வீடு இருக்கும் இடம் முக்கியம் என்று எல்லாப் புத்தகமும் சொன்னது. பஸ் ஸ்டாண்டுக்கு நடக்கிற தூரம், பள்ளிக்கூடம் பக்கம், வற்றாத போர் தண்ணீர் எல்லாம் பார்த்தேன். இடத்தின் உயரத்தையும் பார் என்று ஒரு புத்தகமாவது சொல்லியிருக்கலாம்.

பணம் என்னுடையது இல்லை. களமருதூரில் என் மனைவிக்கு அவள் அப்பா கொடுத்த நிலம் இருந்தது. நல்ல நெல் வயல், குத்தகைக்கு விட்டிருந்தோம். நெல் வருடத்துக்கு இரண்டு முறைதான் வரும், வாடகை மாதாமாதம் வரும் என்று ஒரு கோடை முழுக்க அவளிடம் பேசினேன். கடைசியில் நிலத்தை விற்றோம். வீட்டுப் பத்திரத்தை அவள் பேரிலேயே எழுதினோம். பதிவு அலுவலகத்தில் கைரேகை மையைச் சேலைத் தலைப்பில் துடைத்துக்கொண்டே ஒன்றுதான் சொன்னாள்.

"இது போச்சின்னா எனக்கு வேற இல்லீங்க. ஞாபகம் வெச்சிக்கோங்க."

வீடு கீழ் போர்ஷன், மாடி போர்ஷன் என்று இரண்டு பகுதி. கீழே கோர்ட்டில் வேலை பார்க்கும் ஒருவர் குடிவந்தார். மாடிக்கு வெள்ளிமலையிலிருந்து ஒரு அம்மா, இரண்டு மகள்களின் படிப்புக்காக வந்தார். அவருடைய வீட்டுக்காரர் மலைப்பாதையில் ஜீப் ஓட்டுகிறவர். ஞாயிற்றுக்கிழமை மட்டும் சாமை அரிசியும் பலாப்பழமுமாக இறங்கி வருவார். நான் வாடகை வீட்டில் இருந்துகொண்டே வீட்டுச் சொந்தக்காரன் ஆனேன். சாயங்காலம் அந்தத் தெரு வழியாக, எனக்கு அங்கே ஒரு வேலையும் இல்லாமல், நடந்து போவேன்.

ஐப்பசியில் மழை பிடித்தது. தெருவில் ஓடிய தண்ணீர் மூன்று படிகளையும் மரியாதையாக இறங்கி உள்ளே போனது. கீழ் போர்ஷன்காரர் கட்டில்மேல் உட்கார்ந்துகொண்டு எனக்குப் போன் செய்தார்.

"சார், வாடகை கம்மிதான், இல்லன்னு சொல்லல. அதுக்காகத் தவளகூட எல்லாம் குடித்தனம் பண்ண முடியாதுங்க."

மறுநாளே போய்விட்டார். பார்க்க வந்த இன்ஜினியர், இடித்துவிட்டு உயர்த்திக் கட்டுவது ஒன்றுதான் வழி என்றார். இடிக்கலாம், கட்டுவதற்கு எங்களிடம் எதுவும் இல்லை. அதை நான் வீட்டில் சொன்னபோது மனைவி கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். திட்டவில்லை. ஆய்ந்து முடித்த கீரையை மறுபடியும் ஆரம்பத்திலிருந்து ஆய்ந்தாள். அதற்குத் திட்டியே இருக்கலாம்.

அப்புறம்தான் கீழ்வீட்டுச் சுவரைப் பார்க்க வந்த கொத்தனார், வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு சொன்னார்.

"இன்னாத்துக்கு சார் இடிக்கிறீங்க? தூக்கிடுங்க."

"எதை?"

"வூட்டத்தான்."

"எங்கே தூக்குவது?"

"மேலதான் சார். வேற எங்க?"

வீடு தூக்குகிற மேஸ்திரி ஒருவரை அவரே வரவழைத்தார். இடித்துக் கட்டுவதில் கால்வாசிச் செலவுதான்; பி.எஃப். கடனில் சமாளித்துவிடலாம். லாரிக்கு வைக்கிற மாதிரி ஜாக்கிகள், மூட்டை மூட்டையாக. ஆட்களில் பாதிப் பேர் பீகார்க்காரர்கள். அந்த மேஸ்திரி சுவரைத் தட்டிப் பார்த்துக்கொண்டிருக்கும்போது என் மனைவி அவரை நேராகவே கேட்டாள்.

"விரிசல் வுட்டா?"

"பூசிக் குடுத்துடுவோம்மா."

"இடிஞ்சி வுழுந்தா?"

"அதுக்குத்தான் கற்பூரம் ஏத்தி, பூசணிக்கா ஒடச்சிட்டு ஆரம்பிக்கிறோம்."

தூக்கி முடிக்கிறவரை அந்தப் பக்கமே வரமாட்டேன் என்றாள் அவள். தன் நிலம் அந்தரத்தில் நிற்பதைப் பார்க்கத் தெம்பில்லையாம்.

மாடியில் இருந்த அம்மாவிடம், கொஞ்ச நாள் வேறு எங்காவது தங்கிக்கொள்ளுங்கள் என்று சொல்லப் போனேன். பெரிய பெண்ணுக்குப் பரீட்சை நெருங்கிக்கொண்டிருந்தது. மேஸ்திரியைக் கூப்பிட்டு, மேலே ஆள் இருக்கலாமா என்று அந்த அம்மாவே விசாரித்தார். தாராளமாக இருக்கலாம், எல்லா இடத்திலும் இருக்கிறார்கள் என்றார் மேஸ்திரி.

"அப்பறம் இன்னா சார்? எங்க ஊரு பஸ்ஸு வளைவுல ஆடாத ஆட்டமா? நாங்க இங்கியே இருந்துக்கிறோம்."

சுவரின் அடியை ஒரு முழம் உடைப்பார்கள். அந்தச் சந்தில் ஒரு ஜாக்கியை நுழைத்து முட்டுக்கொடுப்பார்கள். பிறகு பக்கத்தில் இன்னொரு முழம். இப்படியே வீட்டைச் சுற்றி, உள்சுவர்களையும் சுற்றி வந்தார்கள். ஒரு நாள் மத்தியானம் கடைசித் துண்டும் உடைபட்டது. வீட்டுக்கும் பூமிக்கும் நடுவே இருந்த கல், மண் உறவு அத்தனையும் அறுந்து, வீடு வெறும் இரும்பின்மேல் நின்றது. மாடியில் யாரோ இட்லி மாவு அரைக்கும் சத்தம் கேட்டது.

மேஸ்திரி தெருவில் நின்று விசில் ஊதினார். குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்த ஆட்கள் எல்லோரும் ஒரே சமயத்தில் ஜாக்கிக் கம்பியை ஒரு திருப்புத் திருப்பினார்கள். மறுபடி விசில், மறுபடி ஒரு திருப்பு. காலைப் பிரார்த்தனையில் எங்கள் டிரில் மாஸ்டரால் ஒரு நாள்கூடக் கொண்டுவர முடியாத ஒழுங்கு அது. வீடு எழுவதை நான் கண்ணால் பார்க்கவே இல்லை. கடிகாரத்தின் சின்ன முள் நகர்வதை எப்படிப் பார்க்க முடியாதோ, அப்படி. கொஞ்சம் சுண்ணாம்புத் தூள் உதிர்ந்தது. அவ்வளவுதான் சாட்சி. ஆனால் வெளிப்பக்கப் படிக்கட்டின் முதல் படி தரையைவிட்டு விலகி, ஒரு பூனை அதன் அடியில் தலையை நுழைத்துப் பார்த்தது.

திடீரென்று மேலே குக்கர் கூவியது. நாலைந்து பேர் கம்பியைத் திருப்பப் போய்விட்டார்கள். மேஸ்திரி தலைமேல் கையை வைத்துக்கொண்டு கத்தினார்.

"யம்மா! வேல நடந்துகினு இருக்கும்போது குக்கர் வெக்காதம்மா! எவன் விசிலுன்னு தெரியாம ஆளுங்க கொழம்பிப் பூடுறானுங்க!"

"பருப்பு வேக வாணாமா?" என்று மேலிருந்து பதில் வந்தது.

"பானையில வேக வைம்மா, புண்ணியமாப் போவும்!"

ஞாயிற்றுக்கிழமை ஜீப்காரர் வந்தார். மனைவியும் மகள்களும் குடியிருக்கும் வீடு ஜாக்கிகள்மேல் நிற்பதைச் சுற்றி வந்து பார்த்தார். முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை.

"இன்னா சார், பஞ்சரா?" என்று கேட்டுவிட்டு, பலாப்பழத்தைத் தோளில் ஏற்றிக்கொண்டு, படிக்கட்டுக்கு அடியில் போட்டிருந்த பெஞ்சில் ஏறி, தொங்கிய முதல் படியைப் பிடித்து மேலே போய்விட்டார். அவருக்கு இருந்த நம்பிக்கை சொந்தக்காரனான எனக்கு இல்லை என்பது வெட்கமாக இருந்தது. நானும் ஏறினேன்.

அந்த அம்மா டீ கொடுத்தார். கீழே விசில் கேட்டுக்கொண்டிருந்தது. டம்ளரில் டீயின் மேல்பரப்பையே பார்த்துக்கொண்டிருந்தேன். சுவர், கூரை, பீரோ, நீச்சலடிக்கும் மீன்போல வாயை அசைத்துப் பாடத்தை மனப்பாடம் செய்துகொண்டிருந்த பெரிய பெண், எல்லோரும் எல்லாமும் மேலே போய்க்கொண்டிருந்தோம். டீயில் ஒரு சுருக்கம்கூட விழவில்லை. இத்தனை எடையை இத்தனை மெதுவாக நகர்த்துகிறபோது அதற்கு நகர்கிறோம் என்றே தெரியாது போலிருக்கிறது.

"சார், இங்க வந்து பாருங்க" என்று சின்னப் பெண் ஜன்னலுக்குக் கூப்பிட்டாள். எதிர்வீட்டு மொட்டைமாடிக் கைப்பிடிச் சுவருக்கு மேலே, மேற்கில், மெல்லிய நீலக்கோடு ஒன்று தெரிந்தது.

"போன வாரம் இது தெரியாது. எங்க மலை சார். நேத்து இந்த மாரி, பென்சில் தடிப்புதான் இருந்திச்சி. இன்னிக்கி ஜாஸ்தி."

கல்வராயன் மலையைப் பிறந்ததிலிருந்து பார்க்கிறேன். அது ஒரு வீட்டு ஜன்னலில் முளைத்து வளர்வதை அன்றுதான் பார்த்தேன்.

கடைசி நாள் தூக்குதலுக்கு மனைவி வந்துவிட்டாள். நான் கூப்பிடவில்லை. தெருவில் ஒரு சின்னக் கூட்டம் இடுப்பை வளைத்துக் குனிந்து நின்றது. நாங்களும் குனிந்தோம்.

வீட்டுக்கு அடியில் வெளிச்சம் இருந்தது. பழைய தரை தன் சிவப்புச் சிமெண்டோடு பள்ளத்தில் அப்படியே கிடக்க, சுவர்கள் அதைவிட்டு மேலே போயிருந்தன. இரும்புக் கால்களுக்கு நடுவே இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம்வரை பார்க்க முடிந்தது. பின்புறம் கிணற்றடி முருங்கைமரத்தின் அடிமரமும், அதைச் சுற்றி மேய்ந்த ஒரு கோழியும் தெரிந்தன. தெருவில் நின்று ஒரு வீட்டின் கொல்லையை அந்த வீட்டுக்கு அடி வழியாகப் பார்ப்பதற்கு என் மனதில் ஏற்கனவே ஒரு இடம் இருக்கவில்லை. படித்த புத்தகங்களில் இதற்குப் பொருந்துகிற ஒரு வரியைத் தேடினேன், எதுவும் கைகொடுக்கவில்லை. மாடியில் கொடியில் போட்ட பாவாடை காற்றில் ஆடியது.

என் மனைவி மற்றவர்கள் நிமிர்ந்த பிறகும் குனிந்தே இருந்தாள். அவள் கண்ணில் தண்ணீர் நின்றது. பயமா, வியப்பா என்று நான் கேட்கவில்லை.

சந்துகளைச் செங்கலும் கான்கிரீட்டும் வைத்து அடைத்தார்கள். ஜாக்கிகளை ஒவ்வொன்றாக உருவி எடுத்தார்கள். உள்ளே மண்ணைக் கொட்டிப் புதுத் தரை போட்டார்கள். வேலை முடிந்ததும் அவள் ஒவ்வொரு அறையாகப் போய், சுவர் சுவராக உள்ளங்கையை வைத்துத் தடவிப் பார்த்தாள். சமையலறை மூலையில் ஒரே ஒரு விரிசல். அது நாங்கள் வாங்கும்போதே இருந்தது. பழமையின் அழகு என்று அப்போது நான் அதற்குப் பெயர் வைத்திருந்தேன். "நின்னுடுச்சி" என்றாள். சுவரிடம் சொன்னாளா என்னிடம் சொன்னாளா தெரியவில்லை.

அடுத்த மழைக்கு நான் குடையோடு ஓடினேன். தெருத் தண்ணீர் பழுப்பாகப் புரண்டு வந்தது; வாசலில் புதிதாகக் கட்டிய படிகளின் காலடியைத் தொட்டது; மேலே ஏற வழியில்லாமல் சாக்கடைப் பக்கம் திரும்பிப் போனது. காலி போர்ஷனைத் திறந்து விளக்கைப் போட்டேன். தரை காய்ந்து கிடந்தது. அந்தக் காய்ந்த தரையின் நடுவில், நனைந்த சட்டையோடு, ஏதோ பெரிய கோயிலுக்குள் நிற்பவனைப்போல நின்றேன். அங்கிருந்தே மனைவிக்குப் போன் போட்டேன்.

"தண்ணி உள்ள வரலம்மா! ஒரு சொட்டு வரல!"

அந்தப் பக்கமும் மழைச் சத்தம்தான்.

"களமருதூரு வயல்ல தண்ணி உள்ள வந்தாத்தாங்க நாங்க சந்தோஷப்படுவோம்" என்றாள்.