எழுத்துருக்களைப் பிரித்த மழைக்காலம்

என் மகன் கடல் தாண்டி ஒரு குளிர் ஊரில் வேலை பார்க்கிறான். ஞாயிற்றுக்கிழமை ஒரு போன் வரும். சாப்பிட்டாச்சா, மருந்து எடுத்தாச்சா என்பதோடு சரி. போன மழைக்காலத்தில் மட்டும் தினமும் விளக்கு வைக்கும் நேரத்துக்குக் கூப்பிட்டான்.

அவனும் நண்பர்களும் சேர்ந்து கம்ப்யூட்டருக்கான தமிழ் எழுத்துருக்கள் செய்து இலவசமாகக் கொடுக்கிறார்கள். நாங்கள் குடியிருக்கும் ஸ்ரீவராகத்தில் வெள்ளிக்கிழமை பஜனைக்கு நான் பாட்டுகளை அடித்து அச்செடுப்பது அவற்றில்தான். ஒவ்வொன்றும் இரண்டு வடிவத்தில் இருக்கிறதாம். என்னைப்போல அச்செடுப்பவர்களுக்கு ஒன்று, இணையப் பக்கம் செய்கிறவர்களுக்குச் சுருக்கிய இன்னொன்று. எல்லாம் ஒரே தொகுப்பாக இருப்பதா, இரண்டாகப் பிரிப்பதா என்று அவர்களுக்குள் வழக்கு.

"நெஜமா உபயோகிக்கறவ நீதான். நீ சொல்லும்மா."

பத்தாவதோடு நின்றவளிடம் கேட்கிறானே என்று எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது.

"நவராத்திரிக்கு வரவாளுக்கு வெத்தலை, பாக்கு, மஞ்சள், தேங்காய் எல்லாம் ஒரே பையிலதானேடா குடுக்கறோம்? தேங்காய் வேணுமா வேண்டாமான்னு வாசல்ல நிறுத்தியா கேக்கறோம்?"

"பத்து ஆத்துல வாங்கின தேங்காயைத் தூக்க முடியாம மாமிகள் ஆட்டோ பிடிக்கறாளே, அதுக்கென்ன சொல்றே?"

"போடா, பெரிய வக்கீல்!"

அவன் அப்படிச் சிரித்துக் கேட்டு எத்தனை நாளாயிற்று. மறுநாள் கூப்பிட்டபோது இன்னொரு சந்தேகம் வைத்திருந்தேன். பிரித்துவிட்டால், விவரம் தெரியாதவர்கள் தப்பானதை இறக்கிவிட மாட்டார்களா? அதைப் பற்றி அவனும் நண்பர்களும் ஒரு வாரம் பேசினார்கள். கோயிலில் பிரதட்சிணம் செய்யும்போதுகூட நாமத்துக்கு நடுவே எழுத்துருதான் வந்து நின்றது. சாயங்காலம் அவனிடம் கேட்க ஏதாவது வேண்டுமே.

ஒரு புதன்கிழமை சொன்னான்.

"முடிவாச்சும்மா. ரெண்டாப் பிரிச்சாச்சு. தெரியாதவாளுக்கு மூணாவதா ஒண்ணு வெச்சிருக்கோம். அதைப் போட்டா ரெண்டும் தானா வந்துடும். உன் தாம்பூலப் பைதான், கேட்டியா?"

"நன்னா இருக்குடா. இனிமே பிரிக்கறதுக்கு ஒண்ணும் இல்லையா?"

"இல்லைம்மா. இது மதி, இதோட போதும்."

மறுநாள் விளக்கேற்றிவிட்டுப் போனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். ஞாயிற்றுக்கிழமை இன்னும் தள்ளி இருந்தது. பத்மநாபா, குழந்தைகள் ஒற்றுமையாக இருக்கட்டும், சண்டையே வேண்டாம். ஏதாவது சின்னதாக ஒன்று மட்டும் அவர்களுக்குள் தீராமல் இருக்கட்டும் என்று வேண்டிக்கொண்டேன்.