வில்லுக்காரர் வெண்ட போர்

உயர்தரத்துக்கு ஐரோப்பிய வரலாறு படிச்ச காலத்தில எனக்கும் என்ர சிநேகிதிக்கும் நோட்டுக் கொப்பி ஒண்டுதான். அவள் கிளிவெட்டி ஊர்க்காரி. சோதினை மாதம் நிலாவெளியில எங்கட வீட்டிலதான் நிண்டவள். "வாசிச்சால் எனக்கு ஏறாதடி, நீ சொல்லு" எண்டு குசினியில மீன் வெட்டிக்கொண்டு கேப்பாள். நான் வாசிச்சுப்போட்டு வந்து சொல்லுவன். கேட்டதை ஒரு சொல் தவறாமல் அப்பிடியே சோதினையில எழுதுவாள்.

நூறாண்டுப் போர் எண்டால் எனக்குச் சரியான ஆசையும் புளுகமும். மழையில சேறாப்போன வயல், இரும்புச் சட்டையோட குதிரையில வந்த பிரெஞ்சுப் பிரபுக்கள், தூர நிண்டு அம்பு விட்ட இங்கிலாந்து வில்லுக்காரர். "எங்கட வயலுக்க உழவு மெசின் புதைஞ்ச மாதிரியோ?" எண்டு கேட்டுச் சிரிச்சாள். ஓமடி எண்டு நானும் வில்லுக்காரரை வெல்ல வைச்சு, அதோட போரை முடிச்சுப்போட்டன். கடைசி ரெண்டு பக்கத்தை நான் வாசிக்கவேயில்லை. பஞ்சி, சோம்பேறித்தனம், வேறென்ன!

சோதினையண்டு காலமை பஸ்ஸில கொப்பியைப் பிரட்டேக்கதான் அந்தப் பக்கங்களைக் கண்டன். பிரெஞ்சு அரசன் நிரந்தர வரி போட்டு, சம்பளத்துக்குப் படை வைச்சு, பீரங்கியால கோட்டை மதிலுகளை உடைச்சிருக்கிறான். கடைசியில வெண்டது அவன்தான். பக்கத்தில இவள் கண்ணை மூடிக்கொண்டு வில்லுக்காரரைப் பாடமாக்கிறாள். முழுக்க வாசிக்காமல்தான் சொன்னனான் எண்டு ஒத்துக்கொள்ள எனக்கு வெட்கம். கொப்பியை மூடிப்போட்டன்.

போரின் முடிவும் அதன் விளைவுகளும் எண்டு கேள்வி வந்தது. "நாலு பக்கம் எழுதினனானடி!" எண்டு துள்ளிக்கொண்டு வெளியில வந்தாள். சோதினை மறுமொழி வர, நான் கம்பஸுக்குப் போனன். அவளுக்குக் கொஞ்சத்தில தவறிப்போச்சு. திரும்ப எழுதடி எண்டு நானாவது சொல்லியிருக்கலாம். பாவி நான், அதையும் சொல்லேல்லை. அவள் வயலோட நிண்டிட்டாள்.

போன கிழமை ஓர்ஸ் ஹில்லில நான் வேலை செய்யிற கந்தோருக்கு வந்தாள், மகளின்ர பிறப்புப் பத்திரத்தோட. கதிரையில இருந்ததுதான் தாமதம், கதை தொடங்கியிட்டுது.

"மகளும் எங்கட பாடம்தான் படிக்கிறாள். வில்லுக்காரர் வெண்டதைச் சொன்னனான். புத்தகத்தில பிரெஞ்சுக்காரர் வெண்டதாக் கிடக்காம். அவளோட எனக்கு ஒரே சண்டை!"

நான் பேனையை மூடி வைச்சன். "நீ என்ன சொன்னனீ?"

"வேற என்ன? புத்தகம்தான் பிழை, என்ர சிநேகிதி வாசிக்காமல் சொல்லமாட்டாள் எண்டனான்."

பத்திரத்தை வாங்கி, வாசிக்கிற மாதிரிக் குனிஞ்சன். அண்டைக்குக் கொப்பியை மூடின அதே வெட்கம்.