கரிக்கோட்டுக்குக் கீழே ஒரு சமையற்கட்டு

“…கைய மேல தூக்க முடியாதவளுக்குத் தனி அடுப்பு இன்னாத்துக்குடா? சட்டி பானையெல்லாம் மூட்ட கட்டி வையி. பத்து நாள்ல டிராக்டர எடுத்துக்கினு வரன். எங்க வூட்ல ஒரு ஓரமா ஒக்காந்து, போடறத சாப்புட்டுக்கினு கெடக்கட்டும், பாவம்.”

இப்படிச் சொன்னவர் என் அக்காவின் நாத்தனார். எங்கள் குடும்பத்தில் எல்லோரும் அவரை அண்ணி என்றே கூப்பிடுவோம். சொன்னதும் அக்காவிடம் இல்லை, தன் தம்பியும் அக்காவின் கணவருமான எங்கள் மாமாவிடம். அக்கா அங்கேயேதான், இரண்டடி தள்ளி, முறத்தை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். தோளில் போட்டிருந்த கட்டை அவிழ்த்து ஒரு வாரம்கூட ஆகவில்லை.

அண்ணி கெட்டவர் இல்லை. பாசத்தில்தான் சொன்னார். அக்காவுக்குப் பொறுக்காமல் போனது அந்தப் பாசம்தான். “திட்டியிருந்தா நானும் ரெண்டு திட்டியிருப்பன். பாவம்னு சொல்லிட்டாங்களே, அத இன்னா பண்றது?” என்று பிற்பாடு என்னிடம் கேட்டார்.

அக்கா நம்மை விட்டுப் போய் இன்றோடு ஓராண்டு நிறைகிறது. இந்த நினைவு மலரைக் கையில் வாங்கும் உறவினர்களும் நண்பர்களும் அவர் பிறந்தது வளர்ந்தது எல்லாம் எதிர்பார்ப்பீர்கள். எழுதுகிறேன். ஆனால் ஒன்று. கை விளங்காமல் கஷ்டப்பட்ட ஒரு பெண்ணின் கதை என்று நினைத்து உச்சுக் கொட்ட வந்தவர்கள் இந்த இடத்திலேயே மலரை மூடிவிடலாம். அக்காவுக்கு அந்தச் சத்தம் பிடிக்காது.

ரிஷிவந்தியத்துக்குப் பக்கத்தில், குத்தகை நிலத்தில் பாடுபட்ட குடும்பத்தில் மூத்த பெண்ணாகப் பிறந்தார். மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடம் நின்றது. எங்கள் வீட்டில் எல்லோரும் நல்ல வளர்த்தி, அக்கா மட்டும் குள்ளம். அப்பா கேலி செய்தால், “பாதி ஒசரத்த ஒங்களுக்கெல்லாம் பங்கு போட்டுட்டன்” என்பார். களையெடுப்பில் ஆனாலும் கதிரறுப்பில் ஆனாலும் அவர் வரிசைதான் முதலில் முடியும்.

கள்ளக்குறிச்சி அரிசி ஆலையில் வேலை பார்த்த மாமாவுக்கு வாழ்க்கைப்பட்டு வந்தார். கடைத்தெருவுக்குப் பின்னால் ஒரு பாயின் வீட்டில் பின்கட்டை வாடகைக்கு எடுத்தார்கள். பாய்க்கு இரும்புக் கடை. அந்தப் பின்கட்டில் சமையற்கட்டு எட்டடி நீளம், ஐந்தடி அகலம். இரண்டு பேர் நின்றால் ஒருவர் வெளியே வந்தால்தான் இன்னொருவர் திரும்ப முடியும். ஒரு பக்கம் அடுப்பு மேடை. எதிர்ச் சுவரில், அக்காவின் தலை உயரத்துக்கு மேலே, மூன்று கடப்பாக் கல் அடுக்குகள். அவ்வளவுதான்.

அந்தக் கல்லைப் பதித்த கொத்தனார் நல்ல உயரமாக இருந்திருக்க வேண்டும். தன் தோளுக்கு அளவு பார்த்துப் பதித்துவிட்டுப் போய்விட்டார். சமையற்கட்டு அலமாரியின் உயரத்தை முடிவு செய்கிறவர் அதிலிருந்து ஒரு நாளும் மிளகாய் எடுக்கப் போவதில்லை என்பதை நான் அங்கேதான் கண்டுகொண்டேன். அக்கா காலித் தகர டின்னைக் கவிழ்த்துப் போட்டு, அதன்மேல் ஏறித்தான் அரிசி, பருப்பு, உப்பு, புளி எல்லாம் எடுப்பார். ஒரு நாளைக்கு இருபது முறை ஏறி இறங்குவார். உச்சிக் கல்லில் அவருடைய சீர்ப் பாத்திரங்கள்: பித்தளை அண்டா, தவலை, இரண்டு குடம். பெண் வீட்டுச் சீர் வருகிறவர் கண்ணில் படும்படி உயரத்தில் இருக்க வேண்டும் என்பது நம் பக்கத்து வழக்கம் அல்லவா? ஆளுக்கு இடமில்லாத வீட்டில் அண்டாவுக்கு முதல் இடம்.

இட ஒதுக்கீடு கேட்டுப் போராட்டம் நடந்த அந்த ஆண்டுகளைப் பெரியவர்கள் யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். எனக்கு மூத்த மகன் பிறந்திருந்தான். குழந்தையைப் பார்க்க அக்கா எங்கள் பிறந்த ஊருக்கு வந்த மறுநாள் மறியல் தொடங்கியது. சாலை நெடுக மரம் வெட்டிப் போட்டிருந்தார்கள். பஸ் ஒன்றுகூட ஓடவில்லை. கள்ளக்குறிச்சியில் அவர் பிள்ளைகள் இரண்டு பேரும் மாமா ஆக்கிப்போடும் கஞ்சியைக் குடித்துக்கொண்டிருந்தார்கள். மூன்றாம் நாள் அக்கா நடந்தே கிளம்பிவிட்டார். எவ்வளவு தடுத்தும் கேட்கவில்லை. வழியில் குறுக்கே கிடந்த ஒரு புளியமரத்தின் மேல் ஏறித் தாண்டும்போது கால் வழுக்கி, வலது தோள் தரையில் மோத விழுந்தார். மரத்தை வெட்டிப் போட்ட இளைஞர்களே ஓடிவந்து, பக்கத்து வீட்டுக் கயிற்றுக் கட்டிலில் அவரைக் கிடத்தி, ஆஸ்பத்திரி வரை தோளில் சுமந்து வந்தார்கள்.

எலும்பு கூடியது. ஆனால் கை நெஞ்சுக்கு மேலே எழும்பவில்லை, இனி எழும்பாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். என்னைப் பார்க்க வந்ததால்தானே என்று நான் அழுதேன். மரம் வெட்டியவர்களை யாரோ திட்டினார்கள். அக்கா இரண்டு பேரையும் அடக்கினார். “அவன் பசங்க படிக்கணும்னு மரத்த வெட்டனான். எம் பசங்க சாப்புடணும்னு நான் ஏறனேன். ரெண்டு பேரும் பசங்களுக்காகத்தான் பண்ணோம். இதுல யார திட்டறது?”

அதன் பிறகு வந்ததுதான் அண்ணியின் அந்தப் பேச்சு. மாமாவுக்கும் அது சரியென்றே பட்டது. திருநாவலூரில் அண்ணிக்குப் பெரிய வீடு, பெரிய சமையற்கட்டு, மூன்று மருமகள்கள். அங்கே போனால் அக்காவுக்குச் சோற்றுக்குக் குறையிருக்காது. ஆனால் சாகும்வரை இன்னொருவர் அடுப்புக்கு எதிரே தட்டை வைத்துக்கொண்டு காத்திருக்க வேண்டும்.

அக்கா முறத்தைக் கீழே வைத்தார். “பத்து நாள்னு சொன்னீங்கல்ல அண்ணி, அதே மாதிரி வாங்க. டிராக்டரோடவே வாங்க. வர்றவங்க எல்லாருக்கும் நான் ஒருத்தியே சமைக்கறன். அத எடுத்துக் குடு, இத எடுத்துக் குடுன்னு யாருகிட்டயாவது ஒரு வார்த்த கேட்டன்னா, நானே போயி டிராக்டர்ல ஏறி ஒக்காந்துக்கறன்.”

அண்ணி எழுந்து போய்விட்டார்.

மாமா பாயிடம் போய், கல்லைக் கொஞ்சம் கீழே இறக்கிப் பதிக்கலாமா என்று கேட்டார். பாய் நேரில் வந்து சுவரைத் தட்டிப் பார்த்தார். “பழைய சுண்ணாம்புச் செவுரும்மா. ஒரு ஆணி அடிச்சா ஒரு கூட மண்ணு கொட்டும். கல்ல எறக்கனா செவுரும் கூடவே எறங்கிடும். வேற இன்னா வேணும்னாலும் கேளு.” அக்கா யோசிக்கவே இல்லை. “ஆணி அடிக்கல பாய். ஆணி வர்ற மரப்பொட்டி ஒங்க கடையில காலியா கெடக்குதே, அது நாலு குடுங்க.” பாய் சிரித்துக்கொண்டே ஆறு அனுப்பினார்.

நான் கைக்குழந்தையோடு வந்து அந்தப் பத்து நாளும் கூட இருந்தேன். எதையும் தொட விடவில்லை. “நீ புள்ளயப் பாரு, பேச்சுத் தொணைக்கு இரு” என்றார். முதல் வேலையாக அடுப்பிலிருந்து ஒரு கரித்துண்டை எடுத்து, வலது கையை எட்டும் மட்டும் தூக்கி, சமையற்கட்டின் நாலு சுவரிலும் நெஞ்சு உயரத்தில் ஒரு கோடு இழுத்தார். “இதுக்கு மேல இருக்கறது எல்லாம் இனிமே பாயோட செவுரு. இதுக்குக் கீழ இருக்கறதுதான் என் வூடு” என்றார்.

சீர்ப் பாத்திரங்கள்தான் முதலில் இறங்கின. மாமா தயங்கினார். “பாக்கறவங்க இன்னா நெனப்பாங்க?” என்றார். “அரிசி ஜாஸ்தி வெச்சிருக்காங்கன்னு நெனப்பாங்க” என்றார் அக்கா. அண்டாவில் அரிசி, தவலையில் கேழ்வரகு. அவற்றின் அடியில் கோணிச்சாக்கை மடித்துப் போட்டார். சாக்கின் முனையைப் பிடித்து இடது கையால் இழுத்தால் அத்தனை பெரிய அண்டாவும் நாய்க்குட்டி மாதிரி பின்னாலேயே வந்தது.

மேடைக்கு அடியில் அதுவரை விறகும், தேங்காய் நாரும், உடைந்த முறமும், பல்லியும் குடியிருந்தன. அதையெல்லாம் வெளியேற்றிவிட்டு ஆணிப் பெட்டிகளைப் பக்கவாட்டில் சாய்த்து, வாய் நம்மைப் பார்க்கும்படி அடுக்கினார். அன்றாடம் வேண்டியது முன் வரிசை, வாரத்துக்கு ஒரு முறை தொடுவது அதன் பின்னால், விசேஷத்துக்கு எடுப்பது கடைசியில். தட்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால் அடியில் இருப்பதை எடுக்க இரண்டு கை வேண்டும். அதனால் மலை மேலிருக்கும் கரியாலூரிலிருந்து கூடை விற்க வரும் அம்மாவிடம் மூங்கில் பத்தை வாங்கிச் சட்டம் கட்டி, தட்டுகளைப் புத்தகம் மாதிரி நிமிர்த்தி நிறுத்தினார். பழைய புடவை ஒன்றில் பை பையாகத் தைக்கச் சொல்லி, கதவின் பின்பக்கக் குறுக்குச் சட்டத்தில் கட்டித் தொங்கவிட்டார். கரண்டி, தேங்காய்த் துருவி, சாம்பார்ப் பொடி எல்லாம் அதற்குள் போயின. கட்டுக்கம்பியை வளைத்து ஜன்னல் கம்பியில் மாட்டி, டம்ளர்களைத் தொங்கவிட்டார். ஒரு செங்கல் நகரவில்லை. சுவரில் ஒரு ஓட்டை விழவில்லை. ஆனால் அந்த எட்டுக்கு ஐந்தில் நடுவே உட்கார்ந்து கால் நீட்டிக் குழந்தையைக் குளிப்பாட்டும் அளவுக்கு இடம் வந்துவிட்டது. எங்கே இருந்தது அந்த இடம் என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

பத்தாம் நாள் அண்ணி வந்தார். கூட அவர் வீட்டுக்காரரும், டிராக்டர் ஓட்டுகிறவரும். அண்ணி ஒரு பலகையை இழுத்துச் சமையற்கட்டு வாசலில் போட்டு உட்கார்ந்துகொண்டார். பார்த்துக்கொண்டே இருந்தார். அக்கா சோறு வடித்தார், பருப்பு வேக வைத்தார், வெண்டைக்காய் நறுக்கினார். எல்லாம் இடது கையும், பாதி வலது கையும். புளிக்குழம்புக்குப் புளி எடுக்கக் குனிந்தார். பெட்டியில் புளி இல்லை.

நிமிர்ந்து பார்த்தார். உச்சிக் கல்லில் இருந்தது, ஏறி நின்றாலும் ஒற்றைக் கையால் இறக்க முடியாத உயரம். முதல் நாள் சாயங்காலம் புதுப் புளி வாங்கி வந்த மாமா, எலி தொடாமல் இருக்கட்டும் என்று டின்னில் போட்டு, பழைய வழக்கப்படி மேலே ஏற்றிவிட்டார். கோடு போட்ட வீட்டில் பத்து நாள் இருந்தும் அவர் கை மேலேதான் போகிறது.

அண்ணியும் அந்த டின்னைப் பார்த்துவிட்டார். மாமா எழப் போனார். அக்கா ஒரு பார்வை பார்த்தார், மாமா உட்கார்ந்துவிட்டார்.

“இந்த வருஷம் எனக்கும் புளியமரத்துக்கும் ஒத்துவரல” என்றார் அக்கா. “இன்னிக்கி மோர்க்கொழம்பு.” மூலையில் இருந்த தயிர்ச் சட்டியைச் சாக்கோடு இழுத்தார்.

சாப்பாடு முடிந்த பிறகு நடந்ததை நன்றி சொல்லும் இடத்துக்கு ஒத்தி வைக்கிறேன். அது அங்கேதான் சேரும்.

அதற்குப் பிறகு முப்பது ஆண்டுகளுக்கு மேல் அக்கா அதே சமையற்கட்டில் ஆண்டார். மாமா போன பிறகும் ஆண்டார். மகள் ஆசிரியர் பயிற்சிக்கு விண்ணப்பம் போட்டு, இட ஒதுக்கீட்டில் இடம் கிடைத்து, கரியாலூரில் பள்ளி ஆசிரியையாக வேலைக்குச் சேர்ந்த அன்று, “நான் ஏறி விழுந்த மரத்துல நீ ஏறி அந்தாண்ட எறங்கிட்ட” என்றார். மலைக்கு மகளைப் பார்க்கப் போனவர், முதல் வேலையாக அவள் வீட்டுச் சமையற்கட்டில் இருந்த சாமான்களை எல்லாம் தரைக்கு இறக்க வைத்தார். மகள் நல்ல உயரம். குனிந்து குனிந்து இடுப்பு வலிக்கிறது என்று ஒரு வாரம் கழித்து அவள் புலம்பியதும் மறுபடி பாதியை மேலே ஏற்றச் சொன்னார். “அவங்கவங்க கைக்கு அவங்கவங்க கோடு” என்று ஒப்புக்கொண்டார். அக்கா தோற்று நான் பார்த்தது அந்த ஒரு முறைதான்.

கடைசி நோயில் ஆஸ்பத்திரியில் படுத்திருந்தபோதும் கட்டிலருகே இருந்த சின்ன மேசையை இரண்டே நாளில் வசப்படுத்திவிட்டார். மாத்திரை முன்னால், தண்ணீர் அதன் பின்னால், சீப்பு தலையணைக்கு அடியில். நர்ஸ் மாற்றி வைத்தால் திட்டுவார். மருந்தைத் தானே எடுத்துப் போட்டுக்கொண்டார், கடைசிக்கு முந்தின நாள் வரை.

நன்றி சொல்ல வேண்டும். பெயர் தெரியாத அந்த இளைஞர்களுக்கு, கட்டில் கொடுத்த வீட்டாருக்கு. ஒரு நாளும் வீட்டைக் காலி செய் என்று சொல்லாத பாய்க்கும் அவர் பிள்ளைகளுக்கும். திட்டு வாங்கிக்கொண்டே பார்த்துக்கொண்ட நர்ஸ் பெண்களுக்கு. மலையிலிருந்து பஸ் பிடித்து இறங்கி வந்து காரியத்தில் நின்ற, மகளிடம் படிக்கும் கரியாலூர்ப் பிள்ளைகளின் பெற்றோர்களுக்கு. கடைசியாக, இப்போது உயிரோடு இல்லாத எங்கள் அண்ணிக்கு.

அன்றைக்கு எல்லோரும் சாப்பிட்டு, இலை எடுத்தாயிற்று. டிராக்டர் ஓட்டி வந்தவர் வாசலில் நின்று, சாமானை ஏற்றலாமா என்று கேட்டார். மாமா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அக்கா அடுப்பு மேடையைத் துடைத்துக்கொண்டிருந்தார், திரும்பவில்லை. அண்ணி எழுந்து சமையற்கட்டுக்குள் போனார். அவரும் நல்ல வளர்த்தி. எக்காமலே கையை நீட்டி உச்சிக் கல்லில் இருந்த புளி டின்னை எடுத்தார்.

“இத மேல கொண்டு போயி வெச்சவன் நீதானடா?” என்று தம்பியைப் பார்த்துக் கேட்டார். பிறகு முந்தானையை இடுப்பில் செருகி, குந்தி உட்கார்ந்து, முன் வரிசையில் இருந்த மிளகாய் டின்னை ஒரு பக்கமாக ஒதுக்கி, அந்த இடத்தில் புளியை வைத்தார்.